யானை விட்ட மூங்கிலும் முதல் தூண்டில் கோலும்

சித்தூர் மாவட்டத்தில் பலமனேரையும் குப்பத்தையும் ஒட்டிக் கிடக்கும் காட்டுக்குக் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் என்று பெயர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் காட்டு யானையே இல்லாதிருந்த இந்தப் பகுதிக்கு, 1980-களில் தமிழ்நாட்டு, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் நடந்தே வந்து சேர்ந்தன. அவற்றைக் காக்கவே 1990-ல் அந்தக் காடு சரணாலயம் ஆக்கப்பட்டது.

மூங்கில் தளிர் என்றால் யானைக்கு உயிர். எட்டாத உயரத்தில் தளிர் இருந்தால் துதிக்கையால் கழையைச் சுற்றிப் பிடித்து இழுக்கும். கழை வில்லாக வளைந்து தலைதாழ்ந்து வரும். அந்த நேரம் பார்த்து ஏதோ ஓசை கேட்டு யானை மிரண்டு பிடியை விட்டால்? கழை விர்ரென்று மேலே எழும். நிமிர்ந்த பிறகும் சிறிது நேரம் ஆடிக்கொண்டே இருக்கும்.

இந்தக் காட்சியைக் குறுந்தொகையின் 54-ஆம் பாட்டில் ஒரு புலவர் பதிவு செய்திருக்கிறார். தினைப்புனம் காப்பவர்கள் கவணில் கல் வைத்து வீசுகிறார்கள். அந்த ஒலிக்கு அஞ்சிய யானை பச்சை மூங்கிலை விட்டுவிடுகிறது. மூங்கில் எழும் விதத்துக்கு அவர் சொல்லும் உவமை, மீன் பிடிப்பவர் கையில் மேலெழும் தூண்டில். அந்த உவமையின் அழகுக்காகவே அவருடைய இயற்பெயர் மறைந்து, மீனெறி தூண்டிலார் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சொல்வது வேங்கட மலையை. இன்று நாம் திருப்பதி மலை என்று கும்பிடும் அதே மலைத்தொடர். யானையும் மூங்கிலும் தினையும் கவணும் அந்த நிலத்துக்குப் புதியவை அல்ல. ஆனால் வளைந்த மூங்கிலையும் தூண்டில் கோலையும் ஒரே பார்வையில் இணைத்த அந்தக் கண்ணுக்கு ஓர் அறிவியல் உண்மை தட்டுப்பட்டிருக்கிறது: வளைக்கும்போது கோல் ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்கிறது, விட்டவுடன் திருப்பித் தருகிறது. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால், கடையில் நூறு கோல்கள் நின்றாலும் முதல் தூண்டில் கோலைத் தேர்ந்தெடுக்கத் தடுமாற வேண்டியதில்லை. அதிலும் குறிப்பாக, ஃபிளை ஃபிஷிங் என்று சொல்லப்படும் ஈத்தூண்டிலுக்கு.

எடையே இல்லாத இரை

நம் ஊர்த் தூண்டிலில் கோல், தங்கூஸ் நரம்பு, தக்கை, ஈயக் குண்டு, முள், முள்ளில் மண்புழு. வீசும்போது தூரமாகப் பறப்பது ஈயமும் இரையும்தான். நரம்பு அவற்றின் பின்னால் இழுபட்டுப் போகிறது. இது கவணின் முறை. கனமான கல் முன்னே போகும்.

ஈத்தூண்டிலில் இரையாக இருப்பது இறகும் நூலும் மயிரும் சுற்றிக் கட்டிய ஒரு பொய்ப் பூச்சி. அதன் எடை ஒரு கிராமில் சிறு பங்கு. உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும். ஒரு கோழி இறகைக் கையால் எறிந்து பாருங்கள். எவ்வளவு பலமாக எறிந்தாலும் இரண்டடி தள்ளி மெதுவாக விழும். அப்படிப்பட்ட ஒன்றைப் பதினைந்து மீட்டர் தள்ளி, ஏரியின் நடுவே, ஓசையில்லாமல் இறக்க வேண்டும். எப்படி?

எடையை இரையில் வைக்காமல் கயிற்றில் வைத்தார்கள். ஈத்தூண்டிலின் கயிறு மெல்லிய நரம்பு அல்ல, பிளாஸ்டிக் பூசிய, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தடிமனான கயிறு. பறப்பது அதுதான். பூச்சி அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போகும் பயணி. இது மாட்டுவண்டிக்காரர் கையில் உள்ள சாட்டையின் முறை.

சாட்டையைச் சொடுக்கும்போது கவனித்திருப்பீர்கள். கைப்பிடி சட்டென்று நின்றுவிடும். ஆனால் கயிற்றில் ஒரு வளைவு உருவாகி, நுனியை நோக்கி ஓடும். அந்த வளைவு ஓட ஓட, இயங்கிக்கொண்டிருக்கும் பகுதியின் நீளம் குறைந்துகொண்டே போகிறது. முதலில் முழுக் கயிற்றுக்கும் கொடுத்த ஆற்றல் இப்போது பாதிக் கயிற்றில், பிறகு கால் கயிற்றில், கடைசியில் நுனி நூலில் வந்து குவிகிறது. எடை குறையக் குறைய வேகம் கூடுகிறது. நன்றாகச் சொடுக்கிய சாட்டையின் நுனி, ஒலியின் வேகமான நொடிக்கு சுமார் 340 மீட்டரையும் தாண்டிவிடும். அந்தச் 'சடார்' சத்தம் அதனால்தான் எழுகிறது.

தூண்டில் கயிற்றில் இதே வளைவு உருவாகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் படுத்துக்கிடக்கும் பின்னூசியைப் போலத் தெரியும். மேல்கால் முன்னே பறக்கும், கீழ்க்கால் கோல் நுனியில் கட்டுண்டு நிற்கும். வளைவு உருண்டு உருண்டு முன்னே போய், கடைசியில் கயிறு முழுதாக விரிந்து, பூச்சி நீர்மேல் அமரும். சாட்டைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். தூண்டிலில் நுனி வெடிக்கக் கூடாது. காற்று கயிற்றைத் தடுத்து, மிஞ்சும் வேகத்தை மெல்ல விழுங்குகிறது. அந்தத் தடையும் கலையின் ஒரு பகுதி.

கோல் ஏன் வளைய வேண்டும்?

இங்கே புதிதாகக் கற்பவர் அனைவரும் நம்பும் ஒரு கருத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். கோல் வில் போன்றது, வளைத்து விட்டால் கயிற்றை எய்துவிடும் என்று நினைக்கிறோம். பாதி உண்மைதான். வளைந்த கோல் ஆற்றலைத் திருப்பித் தருகிறது, ஐயமில்லை. ஆனால் கயிற்றுக்குக் கிடைக்கும் வேகத்தில் பெரும் பங்கு கோல் ஒரு நெம்புகோலாக இருப்பதால் வருகிறது. கை மணிக்கட்டருகே ஒரு சாண் நகர்ந்தால், ஒன்பது அடி தள்ளியிருக்கும் நுனி பல அடி நகர்கிறது.

அப்படியானால் விறைப்பான இரும்புக் கம்பியே போதுமே, எதற்கு வளைவு? விடை வடிவியலில் இருக்கிறது. கடிகார முள் போல வளையாத ஒரு குச்சியைக் கையில் பிடித்து, பத்து மணி நிலையிலிருந்து இரண்டு மணி நிலைக்குச் சுழற்றுங்கள். நுனி ஒரு வட்டத்தின் மேற்பகுதியை வரையும். நடுவில் உயர்ந்து, இருபுறமும் தாழும். கயிறு நுனி போன வழியே போகும் என்பதால், வட்டமாகப் போன நுனி கயிற்றையும் பெரிய வட்டமாக விரித்துவிடும். அகன்ற வளைவு காற்றில் சிக்கித் தளர்ந்து, காலடியிலேயே குவிந்து விழும்.

இப்போது வளையும் கோலை எடுத்துக்கொள்ளுங்கள். வீச்சின் தொடக்கத்தில் லேசான வளைவு. நடுவில் வேகம் கூடுவதால் மிகுந்த வளைவு. வளைந்த கோல் நேரான கோலைவிடக் குட்டையானது. ஆகவே வட்டத்தின் உச்சியில் எங்கே நுனி உயர்ந்திருக்க வேண்டுமோ, அங்கே அது தாழ்ந்து வருகிறது. வட்டம் தட்டையாகி ஏறத்தாழ நேர்கோடாகிறது. நுனி நேர்கோட்டில் போனால் கயிற்றின் வளைவு ஒடுங்கி, அம்பு போலக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். கோல் வளைவதன் முதன்மைப் பயன் இதுதான்: வட்டமாகச் சுழலும் மனிதக் கையின் இயக்கத்தை நேர்கோடாக மாற்றித் தருவது.

கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்கும்போது கையில் நீளமான கழையைக் குறுக்கே பிடித்திருப்பார். அதன் இரு முனைகளும் தாழ்ந்து வளைந்து அசையும். அவர் கண்ணை மூடிக்கொண்டாலும் அந்த அசைவு அவர் சாய்வை அவர் கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நல்ல தூண்டில் கோலும் அப்படியே பேசுகிறது. பின்னால் போன கயிறு முழுதாக விரிந்துவிட்டதா, இன்னும் இல்லையா என்பதைக் கைப்பிடியில் ஒரு சிறு இழுப்பாகச் சொல்கிறது. முதல் கோலைத் தேர்வதற்கு என் கையில் இருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான். அதிக தூரம் வீசும் கோலை முதலில் தேட வேண்டாம். தான் வளைவதை நம் கைக்குத் தெளிவாகச் சொல்லும் கோலைத் தேட வேண்டும்.

மூங்கில் செய்த பொறியியல்

திருப்பதி மலை அடங்கிய சேஷாசலம் மலைத்தொடரின் வறண்ட சரிவுகளில் வளரும் மூங்கிலுக்குக் கல் மூங்கில் என்று பெயர். தாவரவியலில் டென்ட்ரோகாலமஸ் ஸ்ட்ரிக்டஸ். மழை மிகுந்த இடத்து மூங்கில் அகலக் குழலாக வளரும். வறண்ட மண்ணில் வளரும் கல் மூங்கிலோ துளை சுருங்கி, சில இடங்களில் முற்றிலும் கெட்டியாகவே இருக்கும். காவலர் கைத் தடிக்கு இதைத்தான் தேடுவார்கள்.

மூங்கிலைக் குறுக்கே வெட்டி உற்றுப் பாருங்கள். வெளிப்புறம் கருத்த புள்ளிகள் நெருக்கமாகவும், உள்ளே போகப் போக இடைவெளி விட்டும் தெரியும். அந்தப் புள்ளிகள் நீளவாக்கில் ஓடும் நார்க்கற்றைகளின் முகங்கள். எல்லா இடத்திலும் சமமாகப் போடாமல், வலிமையான நாரை விளிம்புக்குத் தள்ளி வைத்திருக்கிறது செடி. ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும்.

ஒரு கோலை வளைத்தால் அதன் ஒரு பக்கம் நீள்கிறது, மறுபக்கம் சுருங்குகிறது. நடுவே இருப்பது நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. ஆகவே வளைவை எதிர்க்கும் வேலையை எல்லாம் விளிம்பே செய்கிறது. உருண்டைக் கோலின் விறைப்பு அதன் குறுக்களவின் நான்காம் அடுக்கில் ஏறும். குறுக்களவை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு 16 மடங்கு. அதே கணக்கில், கெட்டியான ஒரு கோலின் நடுவிலிருந்து அதன் குறுக்களவில் பத்தில் ஏழு பங்கு அகலத்துக்குத் துளை போட்டால், எடையில் ஏறத்தாழப் பாதி போய்விடும். ஆனால் விறைப்பில் நான்கில் ஒரு பங்குதான் குறையும். மூங்கில் குழலாக இருப்பதன் இரகசியம் இதுவே. இன்று கடையில் விற்கும் கார்பன் கோல்களும் உள்ளே வெறுமையான குழல்களே.

அடியில் தடித்து நுனியில் மெலியும் வடிவத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். நான்காம் அடுக்கில் விறைப்பு மாறுவதால், தடிமனில் ஒரு மயிரிழை வேறுபாடும் கோல் எங்கே வளையும் என்பதைத் தீர்மானிக்கிறது. கோல் செய்பவரின் கைவண்ணம் முழுவதும் அந்த மெலிவில் அடங்கியிருக்கிறது.

கல்கத்தாவிலிருந்து கார்பன் வரை

இந்தச் செடிக்கும் உலகத்தின் ஈத்தூண்டில் வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1840-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஈஸ்டன் என்ற ஊரில், சாமுவேல் ஃபிலிப் என்ற துப்பாக்கிக் கொல்லர் மூங்கிலைச் சிம்புகளாகப் பிளந்து, சீவி, ஒட்டிக் கோல் செய்தார். பிறகு மெய்ன் மாநிலத்தில் ஹிராம் லெனர்ட் அந்த முறையைப் பெரிய தொழிலாக வளர்த்தார். ஆறு சிம்புகளை முக்கோணமாகச் சீவி, வெளித்தோல் வெளிப்பக்கம் இருக்கும்படி சேர்த்து ஒட்டினால் பென்சில் போல அறுகோணக் கோல் கிடைக்கும். நார் நெருங்கிய தோல் விளிம்பில் வேலை செய்யும். வலுவற்ற உட்சோறு வேலையில்லாத நடுவில் அடங்கிவிடும். செடி செய்த பொறியியலை மனிதன் இன்னும் கூர்மையாக்கினான்.

அவர்கள் பயன்படுத்திய மூங்கிலுக்குக் கல்கத்தா மூங்கில் என்று பெயர். கல்கத்தா துறைமுகத்திலிருந்து கப்பலேறியதால் வந்த பெயர். அது நம் கல் மூங்கிலின் இனமே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. வேங்கடச் சரிவில் நிற்கும் கழையின் உறவினர்தான் அமெரிக்காவின் முதல் நவீனக் கோல்கள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்தின் ஒரு மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. கணுக்கள் அதிகம் புடைக்காத, நார் இன்னும் அடர்ந்த அந்த இனத்தை 'டோங்கின்' என்று வியாபாரிகள் அழைத்தார்கள். 1931-ல் தாவரவியலாளர் எஃப்.ஏ. மெக்ளூர் அதற்கு 'அன்புக்குரியது' என்று பொருள்படும் 'அமாபிலிஸ்' என்ற பெயரைச் சூட்டினார். 1950-ல் அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடை போட்டதும் அந்த மூங்கில் வரத்து நின்றது. அதற்குள் கண்ணாடி இழைக் கோல்கள் வந்துவிட்டன. 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிறுவனம் வலிமையான கார்பன் இழையைச் செய்யும் முறையைக் கண்டது. அடுத்த பத்தாண்டின் முற்பகுதியிலேயே அது தூண்டில் கோலாகக் கடைக்கு வந்துவிட்டது.

கண்ணாடி இழையைவிடக் கார்பன் இழை எடையில் குறைவு, நீளவாக்கு விறைப்பில் சுமார் மூன்று மடங்கு. விமானத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் அதை நாடுவது இதற்காகத்தான். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்று திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கிறது. மேலே மலைச் சரிவில் கல் மூங்கில், கீழே கடற்கரையில் விண்ணுக்குப் புறப்படும் கார்பன் இழை. தூண்டில் கோலின் இரண்டு யுகங்களும் ஒரே மாவட்டத்தில் நிற்கின்றன.

கோலில் எழுதியிருக்கும் எண்

கைப்பிடிக்குச் சற்று மேலே, ஒவ்வொரு கோலிலும் ஓர் எண் இருக்கும். 5 என்றோ 6 என்றோ 8 என்றோ. புதியவர்களைக் குழப்புவது அதுவே. அது கோலின் எடை அல்ல, அந்தக் கோலுக்கு ஏற்ற கயிற்றின் எடை.

பட்டுக் கயிறு இருந்த காலத்தில் கயிற்றைத் தடிமனால் அடையாளம் கண்டார்கள். ஒவ்வொரு தடிமனுக்கும் ஓர் எழுத்து. நைலான் வந்ததும் அந்த முறை குலைந்தது. ஒரே தடிமனில் பட்டு ஒரு எடை, நைலான் வேறொரு எடை. கோலுக்குத் தெரிவது எடை மட்டுமே. ஆகவே 1961-ல் அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம் புதிய அளவை வகுத்தது. கயிற்றின் முதல் 30 அடியை, அதாவது சுமார் 9 மீட்டரை, நிறுத்துப் பார்த்து எண் கொடுத்தார்கள். 3-ஆம் எண் 6.5 கிராம், 5-ஆம் எண் 9.1 கிராம், 6-ஆம் எண் 10.4 கிராம், 8-ஆம் எண் 13.6 கிராம்.

தொண்ணூறுகளில் நம் கையில் புழங்கிய தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை 9 கிராம். அந்த ஒரே நாணயத்தை உருக்கி 9 மீட்டர் நீளத்துக்கு இழைத்தால் அதுதான் 5-ஆம் எண் கயிற்றின் கனம். அவ்வளவு சிறிய எடையை உணர்ந்து வளைய வேண்டும் என்பதற்காகத்தான் கோல் அத்தனை மெல்லியதாகச் செய்யப்படுகிறது.

எண் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? 8-ஆம் எண் கோலில் 5-ஆம் எண் கயிறு போட்டால் கோல் வளையாது, வட்டம் நேர்கோடாகாது. 3-ஆம் எண் கோலில் 8-ஆம் எண் கயிறு போட்டால் கோல் தாங்காமல் துவண்டுவிடும். கோலுக்கும் கயிற்றுக்கும் ஒரே எண் இருப்பது முதல் விதி.

சித்தூர் ஏரிகளுக்கு எந்தக் கோல்?

மேலை நாட்டு நூல்கள் ஆற்று ட்ரவுட் மீனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் பக்கத்திலும் ட்ரவுட் உண்டு. 1860-களில் மீனியலாளர் ஃபிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றும் பலிக்கவில்லை. எச்.சி. வில்சன் முயற்சியில் 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் உருவாகி, வானவில் ட்ரவுட் அந்தக் குளிர்ந்த ஓடைகளில் நிலைத்தது. ஆனால் சித்தூர் நிலம் வேறு. இது ஏரிகளின் நிலம். தெலுங்கில் செருவு. தென்னிந்தியாவின் இந்த ஏரிகளுக்கென்றே ஒரு தூண்டில் நூல் உண்டு: மதராஸ் சிவில் சர்வீசில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887-ல் எழுதிய 'டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா'. அதற்கு முன்பே 1873-ல் அவருடைய 'தி ராட் இன் இந்தியா' வெளியாகியிருந்தது.

இந்த ஏரிகளில் பொய்ப் பூச்சிக்கு ஏமாறும் மீன்கள் யார்? முதல் மழைக்குப் பிறகு மாலையில் ஈசல் கிளம்பி நீர்மேல் விழும் போது கவனியுங்கள். சிறு கெண்டைகள் வட்டம் வட்டமாக மேலே வந்து கொத்தும். ஜிலேபிக் கெண்டை கரையோரம் சிறிய பூச்சியைத் தேடும். இவர்களில் அரசன் விரால், தெலுங்கில் கொர்ரமீனு. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். அது மேலே வந்த இடத்தில் நீர் ஒரு முறை சுழித்து அடங்கும். தவளை போலக் கட்டிய பொய் இரையை அந்த இடத்துக்கு அப்பால் இறக்கி மெல்ல இழுத்தால் பாய்ந்து பிடிக்கும். ஆனால் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே திரிந்தால், கீழே தாய் தந்தை காவல் நிற்கின்றன என்று பொருள். அந்தப் பக்கம் தூண்டில் போடக் கூடாது. காவல் போனால் குஞ்சுக் கூட்டம் முழுதும் போய்விடும்.

திறந்த ஏரி, பிற்பகல் காற்று, சில நேரம் தவளை போன்ற பருத்த பொய் இரை. இம்மூன்றையும் சமாளிக்க 5-ஐவிட 6-ஆம் எண் கோல் நல்லது. விராலே குறி என்றால் 8. நீளம் 9 அடி, அதாவது 2.74 மீட்டர். கரையோரக் கோரைக்கு மேலே கயிற்றைத் தூக்கிப் பிடிக்க அந்த நீளம் வேண்டும். நான்கு துண்டாகக் கழற்றி அடுக்கும் கோல் பேருந்துப் பயணத்துக்கு ஏற்றது.

அடுத்தது வளையும் விதம். நுனி மட்டும் வளைந்து அடிப்பாகம் விறைத்து நிற்கும் கோலை வேகக் கோல் என்பார்கள். விளம்பரங்களில் முன்னால் நிற்பது பெரும்பாலும் அதுதான். அதை ஆளக் கை பழகியிருக்க வேண்டும். நேரம் ஒரு கணம் தவறினாலும் மன்னிக்காது. அடிவரை துவண்டு வளையும் மெதுவான கோல் இன்னொரு கோடி. நேரம் நிறையக் கொடுக்கும், ஆனால் ஏரிக் காற்றில் சோர்ந்துபோகும். முதல் கோலுக்கு இரண்டுக்கும் நடுவே, பாதிவரை வளையும் நடுத்தரக் கோலே தக்கது. கடையில் கோலை வெறுமனே ஆட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. கயிறு கோத்து, வெளியே போய், 9 மீட்டர் கயிற்றை வீசிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பின்வீச்சில் கயிறு விரிந்ததைக் கண்ணால் பார்க்காமல் கையால் உணர முடிகிறதா? முடிந்தால் அதுவே உங்கள் கோல்.

பணம் குறைவாக இருந்தால் கோலில் மிச்சம் பிடியுங்கள், கயிற்றில் பிடிக்காதீர்கள். பறப்பது கயிறு. அட்டையில் டபிள்யூ.எஃப். 6 எஃப். என்று இருந்தால், முன்பகுதி கனத்த, 6-ஆம் எண், மிதக்கும் கயிறு என்று பொருள். தொடங்குபவருக்கு அதுவே போதும். ராட்டை, இந்த எடை மீன்களுக்குப் பெரும்பாலும் கயிறு சுற்றி வைக்கும் உருளை மட்டுமே. எளியதே போதும்.

எங்கே போடுவது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். சேஷாசலம் காட்டிலும் கௌண்டின்யாவிலும் ஓடும் நீர் காட்டுயிர்களுக்கு உரியது. கோயில் புட்கரணிகளில் தூண்டில் என்ற பேச்சே கூடாது. ஊர் ஏரிகள் பலவும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடப்படுபவை. அங்கே மீன் அவர்கள் வாழ்வு. கரையில் நின்று கேட்டு, ஒப்புதல் வாங்கிய பிறகே கயிற்றை நீரில் விட வேண்டும்.

முதல் நாள் நீர் வேண்டாம்

கோடையில் சித்தூர்ப் பக்கத்து ஏரிகள் வற்றி, வெடித்த மண்ணும் அருகும் மட்டும் மிஞ்சும். முதல் பாடத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. முள்ளைக் கட்டாதீர்கள். கயிற்றின் நுனியில் சிவப்புக் கம்பளி நூலைச் சிறிதளவு கட்டுங்கள். ஒன்பது மீட்டருக்கு அப்பால் ஒரு துண்டை விரித்துப் போடுங்கள். பின்னால் வீசி, கயிறு விரியக் காத்திருந்து, முன்னால் வீசிப் பாருங்கள்.

முதல் மணி நேரம் எல்லோரும் பலத்தை நம்புவார்கள். தோளிலிருந்து வீசுவார்கள். கயிறு தலையைச் சுற்றிக் குழம்பி விழும். பிறகு எப்போதோ ஒரு முறை கை களைத்து, வீச்சின் முடிவில் சட்டென்று நின்றுவிடும். அந்த ஒரு முறை கயிறு ஒடுங்கிய வளைவாக உருண்டு போய், சிவப்பு நூல் துண்டின் நடுவே அமரும். கோல் தான் வளைந்து வாங்கி வைத்திருந்ததை எல்லாம் அந்த நிறுத்தத்தில் விடுவித்திருக்கிறது. நிற்காத கை அதை விடுவிக்கவே இல்லை. சாட்டைக்காரர் கைப்பிடியை நிறுத்துவதும் இதற்காகவே.

மீனெறி தூண்டிலார் கண்ட யானையும் இழுத்துக்கொண்டே இருந்திருந்தால் நமக்கு அந்த உவமை கிடைத்திருக்காது. கவண் ஒலி கேட்டு அது விட்டது, அதனால் கழை எழுந்தது. உங்கள் முதல் கோலைப் பிடித்து வற்றிய ஏரியில் நிற்கும்போது, தூரத்தில் பலமனேர்க் காட்டில் ஏதோ ஒரு யானை மூங்கிலை வளைத்துக்கொண்டிருக்கலாம். கோலில் கனம் ஏறும்வரை காத்திருங்கள். பிறகு நிறுத்துங்கள். விடுங்கள். எழுவதைக் கோல் பார்த்துக்கொள்ளும்.